லென்னி புரூஸ் வழக்கு: படம் பார்த்த பிறகு மிஞ்சும் மூன்று கேள்விகள்

அமேசான் பிரைமில் வந்த 'தி மார்வலஸ் மிஸஸ் மெய்சல்' தொடரைப் பார்த்தவர்களுக்கு, அதில் அவ்வப்போது வந்துபோகும் லென்னி புரூஸ் என்ற மேடைக் கலைஞரை நினைவிருக்கும். லூக் கெர்பி நடித்த பாத்திரம். லென்னி கற்பனை ஆள் இல்லை, நிஜமாகவே வாழ்ந்தவர். அவரைப் பற்றித் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், பாப் ஃபாஸி இயக்கி 1974-இல் வெளிவந்த 'லென்னி' என்ற கறுப்பு வெள்ளைப் படம். டஸ்டின் ஹாஃப்மன் நடித்தது. வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் இன்றைக்கும் முதல் வரிசையில் வைக்க வேண்டிய படம் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்து முடித்ததும் பலருக்கும் ஒரே குழப்பங்கள்தான் வருகின்றன:

1. பேச்சுரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவில், காசு கொடுத்து விரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால் பேசியதற்காக ஒருவரை எப்படிக் கைது செய்ய முடிந்தது?
2. அத்தனை வழக்கு போட்டார்களே, அவர் ஜெயிலுக்குப் போனாரா இல்லையா?
3. 1966-இல் இறந்துபோனவருக்கு 2003-இல் நியூயார்க் கவர்னர் மன்னிப்பு வழங்கினார் என்கிறார்களே, அது எதற்கு?

மூன்றாவது கேள்விக்குப் படத்தில் பதில் இருக்க வாய்ப்பே இல்லை, அது நடந்தது படம் வந்து 29 வருஷம் கழித்து. முதல் இரண்டையும் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் ஒரே முடிச்சில் கிடக்கிறது: அந்தக் காலத்து ஆபாசச் சட்டம் எப்படி இருந்தது, நைட் கிளப் தொழில் யார் கையில் இருந்தது என்ற முடிச்சு. அதை அவிழ்த்தால், லென்னியை எந்தத் தண்டனையும் வீழ்த்தவில்லை, வழக்கு நடந்த விதமே வீழ்த்தியது என்பது புரியும்.

ஆள் யார்?

லெனார்ட் ஆல்ஃபிரட் ஷ்னைடர் என்பது பெற்றோர் வைத்த பெயர். 1925 அக்டோபர் 13 அன்று நியூயார்க் மாநிலத்தில் மினியோலா என்ற ஊரில் பிறந்த யூதப் பையன். அம்மா சாலி மார் தானே மேடையேறிச் சிரிக்க வைத்தவர். பையன் பதின்ம வயதிலேயே கப்பற்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் யுஎஸ்எஸ் புரூக்ளின் என்ற போர்க்கப்பலில் இருந்தான். திரும்பி வந்து, 1951-இல் ஹனி ஹார்லோ என்ற ஸ்ட்ரிப் நடனக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1955-இல் கிட்டி என்று ஒரு மகள், 1957-இல் விவாகரத்து. படத்தின் பாதிக்கு மேல் இந்தக் கல்யாணம்தான். ஹனியாக நடித்த வேலரி பெரைனுக்கு 1975 கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது, முழுக்கத் தகுதியான விருது.

ஐம்பதுகளில் லென்னி பார்த்த வேலை, ஸ்ட்ரிப் கிளப்பில் ஒரு நடனத்துக்கும் அடுத்த நடனத்துக்கும் நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவது. அங்கே வந்தவர்கள் யாரும் அவர் பேச்சைக் கேட்க வரவில்லை. உண்மையாகக் கேட்டவர்கள் பின்னால் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்த ஜாஸ் இசைக்காரர்கள்தான். அவர்களைச் சிரிக்க வைப்பதே அவருக்குக் குறி. அந்தப் பழக்கத்திலிருந்துதான் அவருடைய நடை உருவானது என்று சொல்லலாம்: எழுதி வைத்த ஜோக்கை ஒப்பிக்காமல், ஒரு விஷயத்தை எடுத்து, ராகத்தை விரிப்பது போல அந்த நேரத்தில் தோன்றுகிற வழியில் கொண்டுபோவது. மாமியார் ஜோக், பெண்டாட்டி ஜோக் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்த மேடையில் அவர் மதம், நிறவெறி, காமம், நல்லவர்களின் வெளிவேஷம் என்று பேசினார். பத்திரிகைகள் இந்த வகைக்காரர்களுக்கு 'சிக் காமிக்' என்று பெயர் வைத்தன, அதாவது மனநோய் பிடித்த காமெடி.

அவர் பேச்சுக்கு ஒரு மாதிரி, படத்திலும் வருவது. மேடையில் நின்று, ஒவ்வோர் இனத்தாரையும் இழிவுபடுத்தச் சொல்லும் வசைச்சொற்களை வரிசையாக அடுக்குவார். கூட்டம் உறைந்துபோகும். பிறகு சொல்வார்: ஒரு சொல்லை மறைத்து மறைத்து வைப்பதுதான் அதற்கு விஷத்தைக் கொடுக்கிறது, ஜனாதிபதியே டிவியில் வந்து இந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அர்த்தமில்லாமல் ஆக்கிவிட்டால், பள்ளிக்கூடத்தில் யாரோ அப்படிக் கூப்பிட்டதற்காக ஓர் ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வராது. இந்த வாதத்தை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் இது வெறும் கெட்ட வார்த்தைக் கச்சேரி இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோர்ட்டில் இதுதான் மையக் கேள்வியாக வரும்.

1961 பிப்ரவரியில், பனிப்புயல் அடித்த ஒரு நள்ளிரவில், நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கமான கார்னகி ஹாலில் அவர் பேசினார். அப்படிப்பட்ட இரவிலும் கூட்டம் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் இருந்த உயரம் அது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஆபாச வழக்கு.

நைட் கிளப்பின் குடுமி யார் கையில்?

நைட் கிளப் என்பது உரிமத்தால் உயிர் வாழும் தொழில். மது விற்க ஓர் உரிமம், ஆட்டம் பாட்டு நடத்த ஓர் உரிமம். இவற்றைத் தருவதும் பிடுங்குவதும் நகராட்சியும் போலீசும். நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், 1940 முதல் 1967 வரை கிளப்பில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் 'கேபரே கார்டு' என்ற அனுமதி அட்டையைப் போலீசிடம் வாங்க வேண்டியிருந்தது. பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் போன்ற ஜாஸ் மேதைகளே அந்த அட்டையைப் பறிகொடுத்து, ஆண்டுக்கணக்கில் அந்த நகரத்துக் கிளப்களில் வாசிக்கவோ பாடவோ முடியாமல் இருந்தார்கள்.

இதன் விளைவு என்ன? ஒரு கலைஞரை நிறுத்த, அவரை வழக்கில் தோற்கடிக்கத் தேவையே இல்லை. அவரைக் கூப்பிட்ட கிளப் முதலாளியின் உரிமத்தில் கை வைத்தால் போதும், அடுத்த ஊர் முதலாளி தானாகவே பின்வாங்குவார். 1962 டிசம்பரில் சிகாகோவின் கேட் ஆஃப் ஹார்ன் கிளப்பில் லென்னி கைதான பிறகு நடந்தது இதுதான். ஒரு போலீஸ் அதிகாரி கிளப் மேலாளரிடம் போய், இந்த ஆள் இனி மதத்தைப் பற்றிப் பேசினால் உன்னையும் உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் பிடித்துப் போடுவேன் என்று மிரட்டினார், தான் ஒரு கத்தோலிக்கனாகப் பேசுவதாகவும் சொன்னார். கவனியுங்கள், மிரட்டல் மதத்தைப் பற்றி. வழக்கு என்னவோ ஆபாசம்.

(அன்று இரவு போலீஸ் பார்வையாளர்களிடமும் அடையாள அட்டை கேட்டது. காட்ட மறுத்து லென்னியோடு சேர்த்து அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞரின் பெயர் ஜார்ஜ் கார்லின். அவர் மறுபடியும் வருவார்.)

ஆபாசம் என்றால் சட்டத்தில் என்ன?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. ஆனால் 'ஆபாசம்' அந்தப் பாதுகாப்புக்கு வெளியே என்பது அங்கே தீர்ப்புகளால் நிலைபெற்ற விதி. அப்படியானால் எல்லாமே ஆபாசம் என்ற சொல்லை எப்படி அளப்பது என்பதில்தான் இருக்கிறது. அளவுகோல் மாறி வந்த வரிசை இது:

1. 1868, இங்கிலாந்து, ஹிக்லின் அளவுகோல். எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனதுள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்று பார்ப்பது. ஒரு புத்தகத்தில் நாலு வரி அப்படி இருந்தாலும் மொத்தப் புத்தகமும் போச்சு. அமெரிக்காவும் இதைக் கடன் வாங்கிக்கொண்டது. நம் ஊருக்கும் இது சொந்தம்தான்: இந்திய உச்ச நீதிமன்றம் 1964-இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் இதைத்தான் கையில் எடுத்தது, 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் இதைக் கைவிட்டு, சமூக அளவுகோலுக்கு மாறியது.

2. 1957, ராத் வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஹிக்லின் இங்கே கழற்றிவிடப்பட்டது. புது அளவுகோல்: சராசரி மனிதர் ஒருவர், தன் சமூகத்தின் தற்கால மதிப்பீட்டை வைத்து, படைப்பை முழுதாக எடுத்துப் பார்த்தால், அதன் முக்கிய நோக்கு காம இச்சையைக் கிளறுவதாக இருக்கிறதா? சமூக மதிப்பு அறவே இல்லாததுதான் ஆபாசம் என்ற கருத்தும் இதே தீர்ப்பில் இருக்கிறது.

3. 1964 ஜூன், ஜாகபெலிஸ் வழக்கு. சமூக மதிப்பு ஏதாவது இருந்தாலே அது ஆபாசம் ஆகாது என்ற பக்கம் சட்டம் இன்னும் சாய்ந்தது. 'பார்த்தால் எனக்குத் தெரியும்' என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய புகழ்பெற்ற வரி இந்த வழக்கில்தான்.

4. 1966 மார்ச், மசாசூசெட்ஸ் வழக்கு. அந்தச் சாய்வு வெளிப்படையான விதியாகவே எழுதப்பட்டது.

5. 1973, மில்லர் வழக்கு. தீவிரமான இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இருக்கிறதா என்று கேட்கும் இன்றைய அளவுகோல். இதோடு சட்டம் கொஞ்சம் இறுகியது, ஆனாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

லென்னியின் வழக்குகள் எல்லாம் 1961-க்கும் 1964-க்கும் நடுவில் வருகின்றன, அதாவது தரை நகர்ந்துகொண்டிருந்த சமயத்தில். உச்ச நீதிமன்றம் ஒரு பக்கம் தளர்த்திக்கொண்டே போகிறது, ஊர் ஊராக இருந்த போலீசும் மாஜிஸ்திரேட்டும் தங்கள் பழைய மனக்கணக்கிலேயே இருக்கிறார்கள். ஒரே பேச்சு ஒரு ஊரில் குற்றம், அடுத்த ஊரில் கலை. 'சமூகத்தின் மதிப்பீடு' என்றால் எந்தச் சமூகம், ராத்திரி கிளப்புக்கு வருகிறவர்களா, ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் போகிறவர்களா என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

ஒவ்வோர் ஊராக

சான் பிரான்சிஸ்கோ. 1961 அக்டோபர் 4, ஜாஸ் ஒர்க்‌ஷாப் கிளப். ஒரு பத்தெழுத்துக் கொச்சைச் சொல்லுக்காகக் கைது. ஜூரி விசாரணை 1962 மார்ச்சில். நீதிபதி கிளேட்டன் ஹார்ன், 1957-இல் ஒரு கவிதை நூலை ஆபாசம் இல்லை என்று விடுவித்தவர். ராத் அளவுகோலை அவர் ஜூரிகளுக்குச் சரியாக விளக்கினார்: சொல் அசிங்கமாக இருந்தால் மட்டும் போதாது, அது காம இச்சையைக் கிளற வேண்டும். லென்னியின் பேச்சைக் கேட்டு யாருக்கும் அந்த உணர்வு வந்திருக்க முடியாது. ஜூரிகளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, ஆனாலும் சட்டம் இப்படி இருக்கும்போது வேறு வழியில்லை என்று விடுவித்தார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் மரியாதை வருகிற இடம் இது. தனக்குப் பிடிக்காததை விடுவிப்பதற்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

இந்தக் கைதை வைத்தே லென்னி பிற்பாடு ஒரு நிகழ்ச்சி செய்தார், படத்தில் ஹாஃப்மன் அதை அற்புதமாகச் செய்கிறார். மறுபடி சொன்னால் மறுபடி கைது என்பதால், அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் 'ப்ளா ப்ளா ப்ளா' என்று சொல்வார். போலீஸ்காரர் நீதிபதியிடம் 'இவன் ப்ளா ப்ளா ப்ளா சொன்னான்' என்பார், நீதிபதி அதிர்ந்துபோய் 'என்னது, ப்ளா ப்ளா ப்ளாவா?' என்பார், வக்கீலும் எழுந்து அதையே சொல்வார். சொல்லத் தடையான சொல்லைச் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததில் கோர்ட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். சொல் ஒன்றுதான், சொல்கிற இடம்தான் குற்றத்தைத் தீர்மானிக்கிறது என்ற சட்டச் சிக்கலை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்காது.

லாஸ் ஏஞ்சல்ஸ். 1962-இல் மேலும் கைதுகள். இங்கே விசாரணை ஒரு முடிவுக்கே வராமல் போனது. லண்டனில் அவர் 1962-இல் பேசியிருந்தார், மறு வருஷம் திரும்பிப் போனபோது பிரிட்டனுக்குள் நுழையவே விடவில்லை.

சிகாகோ. மேலே சொன்ன கைது. 1963 பிப்ரவரியில் ஜூரி குற்றவாளி என்றது, ஒரு வருஷ ஜெயில். அப்போது லென்னி சிகாகோவிலேயே இல்லை. இதற்கிடையில் போதைப்பொருள் வழக்கொன்றில் லாஸ் ஏஞ்சல்ஸில் கைதாகியிருந்தார். இவர் ஆளில்லாமலேயே தீர்ப்பு.

நியூயார்க். இதுதான் பெரியது. 1964 மார்ச் கடைசி, கிரீனிச் வில்லேஜில் கஃபே ஆ கோ கோ. பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ரூ, நகர உரிமத் துறையின் இன்ஸ்பெக்டர். லென்னி பேசப் பேசக் குறிப்பெடுத்தார். அதைத் தொடர்ந்து ஏப்ரல் 3 அன்று கைது, ஏப்ரல் 7 அன்று மறுபடியும். கிளப் முதலாளி ஹோவர்ட் சாலமனும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார், உரிமத்தைப் பற்றி மேலே சொன்னது ஏன் என்று இப்போது புரியும். வழக்கு போடப்பட்ட சட்டப் பிரிவு 'ஆபாசமான, அநாகரிகமான, ஒழுக்கக்கேடான, தூய்மையற்ற' நிகழ்ச்சிகளைத் தண்டிப்பது. நாலு அடைமொழி, நாலுக்கும் அளவு கிடையாது.

ஜூரி இல்லை, மூன்று நீதிபதிகள். சாட்சிக் கூண்டில் ஏறிய இன்ஸ்பெக்டர் ரூ, தன் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து லென்னியின் நிகழ்ச்சியைக் கோர்ட்டில் நிகழ்த்திக் காட்டினார். யோசித்துப் பாருங்கள். ஒரு நகைச்சுவைக்காரரின் பேச்சு, இடையில் விட்ட மௌனம், குரல் மாற்றம், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, எல்லாம் போய், ஓர் அரசு ஊழியரின் குறிப்பேட்டில் சிக்கிய கெட்ட வார்த்தைகள் மட்டும் வரிசையாக வருகின்றன. அந்த ஆளின் தாளம் தப்பிய நிகழ்ச்சிக்கு நான் தண்டனை வாங்கப் போகிறேன் என்று லென்னி புலம்பியதில் சட்டப்படியும் நியாயம் இருக்கிறது, 'முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும்' என்பதுதானே ராத் விதி. தனித்தனிச் சொல்லாக எண்ணினால் அது ஹிக்லின் காலத்துக்குத் திரும்புவதுதான்.

சாட்சியத்தில் வந்த ஒரு பகுதி, கென்னடி கொலையின்போது ஜாக்குலின் கென்னடி காரின் பின்பக்கமாக ஏறியதைப் பற்றி. அவர் உதவி கூப்பிடப் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. லென்னி, எந்த மனுஷியும் பயத்தில் செய்வதைத்தான் அவரும் செய்தார், அதை வீரமாகக் காட்டினால் நாளைக்கு இப்படி ஒரு நிலையில் ஓடிவிடுகிற சாதாரணப் பெண் தன்னைத்தானே வெறுப்பாள் என்று கொச்சை மொழியில் சொன்னார். கென்னடி இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நீதிபதிகளுக்கு எரிச்சல் சொல்லிலா, சொன்ன விஷயத்திலா?

பாப் டிலன், வூடி ஆலன், ஜேம்ஸ் பால்ட்வின், எலிசபெத் டெய்லர், மதச் சிந்தனையாளர் ரைன்ஹோல்ட் நீபர் என்று பலதரப்பட்டவர்கள் லென்னிக்காகக் கையெழுத்திட்டார்கள். பழமைவாதப் பத்தி எழுத்தாளர் என்று பெயரெடுத்த டாரதி கில்காலன் அவருக்காகச் சாட்சி சொன்னார். 1964 நவம்பர் 4, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு. டிசம்பர் 21 அன்று நான்கு மாத ஜெயில். அதே நவம்பர் 24 அன்று, இல்லினாய் உச்ச நீதிமன்றம், ஜாகபெலிஸ் தீர்ப்பைக் காட்டி, சிகாகோ தண்டனையை ரத்து செய்தது. ஒரே மாதம், ஒரே மனிதர், ஒரே மாதிரிப் பேச்சு, ஒரே நாட்டின் அரசியல் சட்டம்.

ஜெயிலுக்குப் போகவே இல்லை, பிறகு எப்படி அழிந்தார்?

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆபாச வழக்கில் விதிக்கப்பட்ட எந்தத் தண்டனையையும் அவர் அனுபவிக்கவில்லை. நியூயார்க் தண்டனை, அப்பீல் முடியும் வரை ஜாமீனில் நின்றது. அப்படியும் ஆள் தீர்ந்துபோனார். எப்படி என்று அடுக்கிப் பார்த்தால்:

1. வாய்தா வாய்தாவாக ஊர் ஊராகக் கோர்ட் படி ஏற வேண்டும். அந்த நாட்களில் சம்பாத்தியம் கிடையாது.
2. வக்கீல் செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது.
3. கிளப்காரர்கள் பயந்துவிட்டார்கள். அவரைக் கூப்பிட்டால் தங்களுக்கும் வழக்கு என்று சாலமன் விஷயத்தில் பார்த்துவிட்டார்கள். வருமானம் வரும் வழியே அடைபட்டது.
4. காசு இல்லாததாலும் நம்பிக்கை போனதாலும் எஃப்ரம் லண்டன் என்ற திறமையான வக்கீலை விலக்கிவிட்டு, தன் வழக்கைத் தானே நடத்த இறங்கினார். வீடு முழுக்கச் சட்டப் புத்தகங்கள், ஒலிநாடாக்கள்.
5. மேடையிலும் கோர்ட் ஆவணங்களையே படிக்க ஆரம்பித்தார். சிரிக்க வந்தவர்களும் குறைந்தார்கள்.

1965 அக்டோபரில் கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. 1966 ஆகஸ்ட் 3, ஹாலிவுட்டில் தன் வீட்டுக் குளியலறையில் மார்பின் மிகையால் இறந்து கிடந்தார். வயது 40.

போதைப் பழக்கத்தை இங்கே மறைக்கக் கூடாது. அது வழக்குகளுக்கு முன்பே இருந்தது, அதற்கான கைதுகள் தனி. வழக்குகள் மட்டும் இல்லாமல் இருந்தால் அவர் கிழவராகி இறந்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அரசுத் தரப்பிலேயே நியூயார்க் வழக்கில் வேலை பார்த்த வின்சென்ட் குச்சியா என்ற உதவி வழக்கறிஞர், அவரை வறுமைக்கும் திவாலுக்கும் தள்ளினோம், சட்டத்தை வைத்தே கொன்றோம், என்ன செய்கிறோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது என்ற பொருளில் பிற்பாடு வருந்திச் சொன்னார்.

படம் எதைப் பிடித்தது, எதை விட்டது

ஜூலியன் பாரி தான் எழுதிய நாடகத்தையே திரைக்கதையாக்கினார். அந்த நாடகம் 1971-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நடந்தது, அதில் லென்னியாக நடித்து நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர் கிளிஃப் கோர்மன். படத்தில் வாய்ப்பு ஹாஃப்மனுக்குப் போனது. கோர்மனுக்கு ஃபாஸி அந்தக் கடனை வேறு விதமாகத் தீர்த்தார்: 1979-இல் தன் சொந்த வாழ்க்கையைத் தழுவி எடுத்த படத்தில், ஓர் இயக்குநர் ஒரு மேடை நகைச்சுவைக்காரனைப் பற்றிய படத்தை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார், அந்த நகைச்சுவைக்காரன் கோர்மன். 'லென்னி' படத்தொகுப்பும் ஒரு புது நாடகத்தின் ஒத்திகையும் ஒன்றாக நடந்த சமயத்தில்தான் ஃபாஸிக்கு மாரடைப்பு வந்தது.

சிறுவயதில் சிகாகோவின் மட்டமான கிளப்களில் ஆடிப் பிழைத்தவர் ஃபாஸி. அதனால் அந்த இடங்களின் புகையும் வியர்வையும் படத்தில் பொய்யாக இல்லை. கதையை அவர் சொன்ன முறை முக்கியம். லென்னி இறந்த பிறகு, முகம் தெரியாத ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஹனியையும் சாலியையும் ஏஜென்ட்டையும் பேட்டி எடுக்கிறார். பேட்டி, பழைய வாழ்க்கை, மேடைப் பேச்சு மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. வீட்டில் நடந்த சண்டை முடிவதற்குள் அதுவே மேடையில் ஜோக்காகிவிடுகிறது. தன் வாழ்க்கையையே சரக்காக விற்றவர் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காட்சி. லென்னி மழைக்கோட்டும் ஒரே ஒரு சாக்ஸுமாகப் போதையில் மேடைக்கு வருகிறார். கேமரா தூரத்தில், அசையாமல். வெட்டே இல்லை. அவர் வாக்கியத்தைத் தொடங்குவார், தொலைப்பார், மறுபடி தொடங்குவார். கூட்டத்தில் ஒருவர் இருவர் எழுந்து போவார்கள். அதுவரை வெட்டி வெட்டி ஓடிய படம் இங்கே நின்றுவிடுவதால், நம்மாலும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

விட்டவை:

1. சட்டத்தின் நிறம். நாலு ஊர் வழக்குகள் பார்ப்பவருக்கு ஒரே நீண்ட வழக்காகக் கலந்துவிடுகின்றன. சான் பிரான்சிஸ்கோ விடுதலையும் இல்லினாய் ரத்தும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது பிடிபடாது. அவர் எல்லா இடத்திலும் தோற்றவர் இல்லை.
2. உரிமம், முதலாளி, பிழைப்பு என்ற தொழில் பக்கம் ஏறக்குறைய இல்லை.
3. லென்னியின் முரட்டுத்தனம். ஹாஃப்மனின் லென்னி நாம் உடனே நேசித்துவிடுகிற மாதிரி இருக்கிறார். நிஜ லென்னியின் ஒலிப்பதிவுகளில் வேகமும் கூர்மையும் அதிகம், கேட்பவரைக் குத்திப் பார்க்கிற ஒரு குரூரமும் உண்டு. படத்தின் உண்மையான குறை இதுதான் என்பேன்.

ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் எதிரே நின்றது 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம்.

2003 மன்னிப்பு ஏன் தேவைப்பட்டது?

இங்கே ஒரு நுணுக்கம். நியூயார்க் தீர்ப்பை எதிர்த்துக் கிளப் முதலாளி சாலமன் அப்பீல் செய்தார், 1968-இல் அவருடைய தண்டனை ரத்தானது. ஆக, பேச இடம் கொடுத்தவர் நிரபராதி. லென்னியோ தன் அப்பீலை முறையாக நடத்தி முடிக்கவில்லை, நடுவிலேயே இறந்துவிட்டார். அதனால் ஆவணத்தில் அவர் குற்றவாளியாகவே நின்றார். 'லென்னி' படம் தியேட்டரில் ஓடியபோதும் அப்படித்தான்.

அதைத் தொட இருந்த வழி கவர்னரின் மன்னிப்பு. சட்ட அறிஞர்கள் இருவர் முயற்சி எடுக்க, மகள் கிட்டியும் ராபின் வில்லியம்ஸ் போன்ற கலைஞர்களும் துணை நிற்க, 2003 டிசம்பர் 23 அன்று கவர்னர் ஜார்ஜ் படாகி அதை வழங்கினார். இறந்தவருக்கு மன்னிப்பு என்பது அந்த மாநில வரலாற்றில் அதுவே முதல் முறை. மன்னிப்பு வேறு, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வேறு. மன்னிப்பு தண்டனையைத் துடைக்கும், தீர்ப்பு தவறு என்று சொல்லாது. 'தவறு' என்ற அந்தச் சொல்லை எந்தக் கோர்ட்டும் லென்னியின் நியூயார்க் வழக்கில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேடையில் என்ன பேசலாம்?

1971-இல் கோயன் வழக்கில், ராணுவத்துக்கு ஆளெடுப்பதைத் திட்டும் கெட்ட வார்த்தையைக் கோட்டில் எழுதிக்கொண்டு கோர்ட் வளாகத்தில் நடந்த இளைஞரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஒரு சொல் கொச்சையாக இருப்பதாலேயே ஆபாசமாகாது என்பது அதில் நிலைபெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் கிளேட்டன் ஹார்ன் ஜூரிகளிடம் சொன்னதும் அதுதான்.

வானொலிக்கும் டிவிக்கும் மட்டும் விதி வேறு. 1973-இல் ஒரு நியூயார்க் வானொலி, பகல் நேரத்தில் ஒரு நகைச்சுவைப் பதிவை ஒலிபரப்பியது, ஒலிபரப்பில் சொல்லக் கூடாத கெட்ட வார்த்தைகளைப் பற்றியது. காரில் சிறுவனோடு போன ஒரு தகப்பன் புகார் கொடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. வீட்டுக்குள் தானாக வந்து நுழைகிற ஒலிபரப்பில், குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில், கட்டுப்பாடு வைக்கலாம் என்பது தீர்ப்பு. அந்தப் பதிவில் பேசியவர் ஜார்ஜ் கார்லின், சிகாகோவில் லென்னியோடு போலீஸ் வண்டியில் ஏறிய அதே ஆள்.

படத்தைப் பார்த்தவர்கள், அல்லது பார்க்கப் போகிறவர்கள், அதன் பிறகு 1965-இல் சான் பிரான்சிஸ்கோவின் பேசின் ஸ்ட்ரீட் வெஸ்ட் கிளப்பில் எடுத்த நிஜ லென்னியின் பதிவையும் தேடிப் பாருங்கள். ஒரே கேமரா, அழகு எதுவும் இல்லை. அவர் கையில் நியூயார்க் வழக்கின் காகிதங்கள் இருக்கும். கோர்ட்டில் தான் சொன்னதாகச் சொல்லப்பட்டதை ஒவ்வொன்றாகப் படித்து, உண்மையில் எப்படிச் சொன்னேன் என்று அதே இடத்தில் செய்து காட்டுவார்.